மிலிகாவின் வாயில் யார் குரல்?

உடைந்த பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டு, உடையாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த மிலிகா, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"தீரே ஆ ராணி, பானி கரம் ஹை."

கெட்டிலைத் தூக்கப் போன வாசிட்டியின் கை அப்படியே நின்றது.

மெதுவா வா ராணி, தண்ணி சூடு. அவ்வளவுதான் அர்த்தம். இந்தியர்களும் கலந்து வாழும் இந்தத் தீவில், லௌடோகாவில் பிறந்து வளர்ந்தவளுக்கு இந்தி புரியாமல் இல்லை. மார்க்கெட்டில் கத்தரிக்காய் பேரம் பேசுவதும், தையல் ஃபேக்டரியில் பக்கத்து மெஷின்காரியோடு வம்பளப்பதும் அந்த பாஷையில்தான். ஆனால் வீட்டுக்குள் யாரும் அதைப் பேசியதில்லை. மிலிகாவோ எட்டு வயதாகியும் சொந்த பாஷையிலேயே தண்ணி, வேண்டாம், பஸ் என்று விரல்விட்டு எண்ணும்படிதான் பேசுவாள்.

வார்த்தைகூடப் பரவாயில்லை. குரல்தான் வாசிட்டியைக் குடைந்தது. அது மிலிகாவின் குரலே இல்லை. கொஞ்சம் கரகரப்பு, புகை பிடிக்கிற பொம்பளையின் குரல். 'ராணி' என்பதை இழுத்து, கடைசியில் லேசாகத் தூக்கிவிடுகிற ஒரு பழக்கம். யாரோ ஒருத்தி மிலிகாவின் வாய் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி.

செவ்வாய்க்கிழமை முதல்முறை கேட்டபோது கனவென்று நினைத்தாள். அதற்கு முந்தைய நாள்தான் மகளின் காதுக்குப் பின்னால் ஏதோ அப்பியிருந்ததைக் கண்டுபிடித்திருந்தாள். கரும்பு ஆலை ஓடுகிற மாதங்களில் லௌடோகாவில் கொடியில் துணி போட்டால் கரி விழும். அதுவாக இருக்கும் என்று துடைத்துப் பார்த்தாள். கரி இல்லை. சாம்பல் நிறத்தில் பட்டையாக உரிந்தது. அணைத்த தீக்குச்சியின் வாடை. கணவன் இலைட்டியாவிடம் கேட்டதற்கு, "ஸ்கூல்ல மண்ணுல விளையாடியிருப்பா" என்றான்.

மண் விரலில் ஒட்டினாலே கையை உதறிக்கொண்டு அலறுகிற பிள்ளை. அது அவனுக்கு மறந்துபோகுமா?

"கேட்டியா?" என்றாள், சட்டைக்குப் பொத்தான் போட்டபடி வந்த இலைட்டியாவிடம்.

"எதை?"

"மறுபடி சொன்னா. அதே குரல்."

"டிவியில கேட்டிருப்பா."

"நம்ம டிவி ஈஸ்டர்லேர்ந்து ரிப்பேர் கடையில கிடக்கு, மிலிகா அப்பா."

"பக்கத்து வீட்டு டிவியா இருக்கும்."

"பக்கத்து வீடு உங்க அக்கா வீடு. சர்ச் பாட்டைத் தவிர அங்க ஒரு சத்தம் வராது."

இலைட்டியா தன் சுலு வேட்டியின் இடுப்புப் பட்டையை இழுத்துக் கட்டினான். தேவைக்கு மேல் இரண்டு தடவை. ஏழு ஆண்டுகளாக பஸ் ஓட்டுகிறவன். எந்த வளைவில் எந்த மாடு நிற்கும் என்று தெரிந்தவன். சமையலறையில் மட்டும் அவனுக்கு வளைவு சரியாகத் திரும்பாது.

வாசிட்டி அதோடு விட்டாள். இன்று சண்டை வேண்டாம். மிலிகா மாதிரிப் பிள்ளைகளின் பெற்றோருக்காகப் பிரனீதா என்பவள் நடத்துகிற கூட்டத்துக்கு அவள் மாதாமாதம் தனியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தாள். "நான் வந்து என்ன பேசறது" என்று ஒவ்வொரு தடவையும் நழுவுகிறவன், இன்று வருகிறேன் என்று அவனாகவே சொல்லியிருந்தான்.

அவன் வெளியே போய் மிலிகாவின் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, நாத்தனார் உனாய்சி கொல்லைப்பக்கமாக வந்தாள். கையில் வாழையிலை மூடிய பாத்திரம். தேவாலயப் பாட்டுக் குழுவை மிரட்டி மேய்க்கிறவள். உயரம், அகலம், நரைத்த அடர்ந்த முடி.

"அண்ணி, இவ ஒரு இந்திப் பொம்பளை மாதிரி பேசறா. எங்கேர்ந்து கத்துக்கிட்டான்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எங்கேர்ந்து வந்தா என்ன? குரல் வந்துதேன்னு சந்தோஷப்படு."

அவ்வளவுதான். பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பி நடந்துவிட்டாள். ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்லி, பத்தாவதாக ஒரு அறிவுரையும் சேர்க்கிற உனாய்சி.

வாசிட்டி வாசற்படியில் நின்று அந்த அகன்ற முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மழலையர் பள்ளி ஒன்றின் வகுப்பறையில்தான் கூட்டம். நாற்காலிகள் எல்லாம் முழங்கால் உயரம். உட்கார்ந்ததும் இலைட்டியாவின் முட்டி மார்புக்கு வந்தது.

"கவலைப்படாதீங்க, எழுந்திருக்கும்போது நான் கை குடுக்கிறேன்" என்றான் எதிரே அதே நிலைமையில் உட்கார்ந்திருந்த வைசாலே. போலீஸ்காரன், அவன் உட்கார்ந்ததில் நாற்காலியே தெரியவில்லை.

பிரனீதா மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். அவள் மகன் அஷ்னீலுக்கு இப்போது இருபது வயது. எல்லாருக்கும் முன்னால் இந்தப் பாதையில் நடந்துவிட்டவள் என்பதால், அவள் பேச்சில் பதற்றம் இருக்காது.

"இந்த மாசம் எது ரொம்பப் படுத்துச்சு? யார் வேணா ஆரம்பிக்கலாம்."

"நகம்" என்றான் வைசாலே. "திருடனை விரட்டிப் பிடிச்சிருக்கேன். கத்தி வெச்சிருந்தவனை மடக்கியிருக்கேன். என் பையனுக்கு நகம் வெட்ட என்னால முடியலை. அவன் தூங்கினப்புறம் பெண்டாட்டி டார்ச் அடிக்கிறா, நான் வெட்டறேன். ஒரு தடவைக்கு ஒரு விரல். அதுக்குள்ள முதல் விரல் வளந்துடுது."

சிரிப்பு எழுந்தது. லுய்சா என்கிற இளம்பெண் தன் மகனின் சிவப்புச் சட்டையைப் பற்றிச் சொன்னாள். அதைத் தவிர எதையும் போட மாட்டான். அதே மாதிரி இன்னொன்று வாங்கி வந்தாள். முகர்ந்து பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தான். இப்போது ராத்திரி துவைத்து, விசிறியில் காயவைத்து, காலையில் போடுகிறாள். "கல்யாண வீட்டுக்கு, சாவு வீட்டுக்கு, எல்லாத்துக்கும் சிவப்புதான். என் மாமியார் பேசறதை விட்டுட்டாங்க. அது ஒண்ணுதான் லாபம்."

மிலிகா அப்பாவின் காலருகே தரையில் உட்கார்ந்து, சுவரோரம் ஓடிய தண்ணீர்க் குழாயில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தாள். யாரோ குழாய் திறக்கும்போதெல்லாம் அவள் கண் சுருங்கி விரிந்தது.

வாசிட்டியின் முறை வந்தது.

"எனக்கு ஞாயித்துக்கிழமைதான் பயம். தலைக்கு ஊத்தணும். ஒரு குவளை தண்ணி மேல பட்டா போதும், கொலை நடக்கிற மாதிரி கத்துவா. என்னைக் கடிப்பா, தன்னைக் கடிச்சுப்பா. ஒரு தடவை தெருவுல யாரோ போலீசுக்கு போன் பண்ணிட்டாங்க."

"வந்தது நான்தான்" என்றான் வைசாலே. "வாசல்ல நின்னு கேட்டேன். எனக்கு நம்ம வீடு மாதிரி இருந்துச்சு. தொப்பியைக் கழட்டிட்டுத் திரும்பிப் போயிட்டேன்."

வாசிட்டி சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே, மனத்தில் கிடந்ததையும் சொல்லிவிட்டாள். அந்த வாக்கியம். அந்தக் குரல். மூன்று தடவை, எழுத்துப் பிசகாமல்.

"கிளிப்பிள்ளை மாதிரி சொல்றாளா, இல்ல எங்கிட்ட ஏதாவது கேக்கறாளா? அதுதான் புரியலை."

பிரனீதா கொஞ்சம் யோசித்தாள். "அஷ்னீல் பத்து வயசுல எங்கயாவது போனா திடீர்னு 'இது கடைசி அழைப்பு'ன்னு சொல்லுவான். கடையில, கோயில்ல, டாக்டர்கிட்ட. ஏர்போர்ட் அறிவிப்பு மாதிரியே, அந்த மூக்கடைச்ச குரல்ல. எல்லாரும் சிரிப்பாங்க. அவனுக்கு அந்த இடம் போதும், கிளம்பணும், அதைத்தான் சொல்றான்னு எங்களுக்குப் புரியவே ரொம்ப நாளாச்சு. என் தங்கச்சியை வழியனுப்ப நாடி ஏர்போர்ட்டுக்குப் போனப்பக் கேட்டது. எல்லாரும் எழுந்து கிளம்பினாங்க இல்ல, அதை மொத்தமா எடுத்து வெச்சுக்கிட்டான்."

"அப்ப இவ?"

"வாக்கியத்தோட இடத்தையும் சேர்த்து எடுத்துட்டு வந்திருப்பா. சொல்லும்போது பயந்த மாதிரி இருந்தாளா?"

"இல்லை. பிஸ்கட் தேடிக்கிட்டு இருந்தா. ஒரு மாதிரி நிம்மதியா."

"அப்போ நல்ல இடம்தான். ராணின்னு கூப்பிடற ஒருத்தர் இருக்காங்க. சூடு தண்ணி இருக்கு. இவ பயப்படலை." பிரனீதா தலையைச் சாய்த்தாள். "குவளைத் தண்ணிக்கே கத்தற பொண்ணைச் சூடு தண்ணியில யார் இறக்கினது?"



"நான்தான்" என்றான் இலைட்டியா.

அவன் யாரையும் பார்க்கவில்லை. மகளின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் கூட்டிட்டுப் போறேன். மத்தியான டிரிப்புல. கடைசி ஸ்டாப் கரும்புக் காட்டுக்கு நடுவுல. அங்க ஒரு அம்மா நிலத்துல வெந்நீர் ஊத்து இருக்கு. பஸ் அங்க கொஞ்ச நேரம் நிக்கும்."

"மத்தியானமா?" வாசிட்டியின் குரல் மெதுவாகத்தான் வந்தது. "மத்தியானம் அவ ஸ்கூல்ல இருப்பாளே."

"இல்லை."

"இல்லைன்னா?"

"மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி வந்து கூட்டிட்டுப் போயிடுங்கன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. அப்புறம் ரொம்பக் கத்தறாளாம், மத்தப் பிள்ளைங்க படிக்க முடியலையாம். இந்த டேர்ம் ஆரம்பத்துலயே சொன்னாங்க."

 லுய்சா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். வைசாலே ஏதோ சொல்ல வாயெடுத்து, பிரனீதாவின் பார்வையைப் பார்த்து அடங்கினான்.

வாசிட்டி எழுந்து வராந்தாவுக்குப் போனாள்.

*

இந்த டேர்ம் முழுக்க, ஃபேக்டரியிலிருந்து வந்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றேதான். "ஸ்கூல் எப்படி?" அவன் பதிலும் ஒன்றே. "நல்லா." அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் ராத்திரி படுத்தாள்.

கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதை என்னவென்று சொல்வது என்று முதலில் தெரியவில்லை. தன் மகள் எங்கோ ஓரிடத்தில் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். அங்கே தான் இல்லை. யாரோ ஒரு பெண் இருந்திருக்கிறாள்.

இலைட்டியா மிலிகாவின் கையைப் பிடித்தபடி வந்து நின்றான்.

"சொன்னா நீ வேலையை விட்டுடுவே."

"விடுவேன்னு யார் சொன்னா?"

"போன தடவை விட்டியே. சூப்பர்வைசர் வேலை. மறுபடி மெஷின்ல உக்கார எவ்வளவு அலைஞ்சே. அதான் கண்டக்டர்கிட்ட பேசி, டிப்போவுல பேசி, மத்தியான டிரிப்புல இவளை ஏத்திக்கிட்டேன். என் சீட்டுக்குப் பின்னாடி பேசாம உக்காந்து வருவா. கத்தவே மாட்டா."

"வேலையை விடணுமா வேண்டாமான்னு சொல்ல எனக்கு ஒரு வாய் இருக்கு இல்ல?"

"இருக்கு."

"அப்ப அதை நீ ஏன் மூடி வெச்சே?"

 அவன் சமாதானம் சொல்ல முயலவில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் உதவியது.

"அந்த இடத்தைப் பாக்கணும்" என்றாள்.

"எனக்கு இன்னைக்கு டியூட்டி இல்லை. வேற டிரைவர்."

"எல்லாரும் போற மாதிரி போவோம். பஸ் டிரைவர் பெண்டாட்டிக்கு பஸ்ல ஏறத் தெரியும்."

ஏறியதும், ஸ்டியரிங்கில் இருந்தவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "அட, ராணி வந்தாச்சா? இன்னைக்கு லீவாச்சே." கண்டக்டர் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த கோழிக்கூடையைச் சொல்லாமலே நகர்த்தி வைத்தான். மிலிகா நேரே போய் அங்கே உட்கார்ந்தாள்.

"ஊருக்கே தெரியும் போல" என்றாள் வாசிட்டி. "எனக்கு மட்டும்தான் டிவி ரிப்பேர்."

இலைட்டியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் காது சிவந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

கரும்பு லாரிகள் வரிசையாக எதிரே வந்தன. தார் ரோடு முடிந்து மண் ரோடு தொடங்கியதும் பஸ் குலுங்க ஆரம்பித்தது. வேறு பிள்ளைகள் பயப்படுகிற குலுக்கல். மிலிகா முன்கம்பியைப் பிடித்து, அதன் அதிர்வில் நெற்றியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். இதையும் வாசிட்டி இன்றுதான் பார்க்கிறாள்.

கடைசி ஸ்டாப்பில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதைத் தாண்டித் தகரக் கூரை வீடு. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண், உதட்டோரம் சுருட்டு புகைய, கரும்பு வெட்டும் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும்.

"ராணி வந்துட்டா" என்றாள் இந்தியில்.

அதே கரகரப்பு. அதே இழுப்பு. வாசிட்டிக்குக் கை புல்லரித்தது. மகளின் வாயில் நாலைந்து நாளாகக் கேட்ட குரல், தன் சொந்த உடம்போடு எதிரே நின்றது.

"அம்மாவா?" ராஜ்மதி என்கிற அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இவ்வளவு நாள் ஏன் வரலை? ராணியோட நெத்தி உனக்கு."

"தெரியாது" என்றாள் வாசிட்டி. "இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

ராஜ்மதி இலைட்டியாவைத் திரும்பிப் பார்த்தாள்.  கத்தியை இன்னும் இரண்டு இழுப்பு தீட்டினாள். அதற்கே அவன் ஒரு அடி பின்னால் போனான்.

வீட்டுக்குப் பின்னால், சரிவில் இறங்கினால் ஊற்றுக் குழி. பாறைக்கடியிலிருந்து ஊற்று கசிந்து வந்து, ஓடைத் தண்ணீரோடு கலக்கிற இடம். மேலே மெல்லிய ஆவி. அணைத்த தீக்குச்சி வாடை. கரையெங்கும் சாம்பல் நிறச் சேறு.

மிலிகா கல்லில் உட்கார்ந்து செருப்பைத் தானே கழற்றினாள். வீட்டில் அதற்கே பெரும் போராட்டம். பாதத்தை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு உட்கார்ந்தபடியே நழுவி, இடுப்பு, வயிறு, கழுத்து என்று இறங்கினாள். தலையைப் பின்னால் சாய்த்தாள். காதுகள் தண்ணீருக்குள் போயின. தலைமுடி பாசி மாதிரி விரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பேர் பிடித்தும் நனைக்க முடியாத தலை அது.

வாசிட்டிக்கு அழுகை வரும் என்றுதான் இலைட்டியா எதிர்பார்த்தான் போலிருக்கிறது, துண்டை நீட்டினான். அவளுக்கு வந்தவை கேள்விகள்.

"முதல் நாளே இறங்கினாளா?"

"இல்லை. நாலஞ்சு நாள் கல்லுல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. நான் கூப்பிடலை."

"நான் கூப்பிட்டேன்" என்றாள் ராஜ்மதி. "காது கேக்காத மாதிரி இருந்தா. அப்புறம் ஒருநாள் அவளாவே வந்தா. சேறு கீழ ரொம்பச் சூடு, அதான் மெதுவா மெதுவான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"தண்ணியை மேல ஊத்திப் பாத்தீங்களா?"

"ஏன் ஊத்தணும்? அவளே நனைஞ்சுக்கறாளே."

வாசிட்டி குனிந்து கையை விட்டுப் பார்த்தாள். சூடு என்று சொல்ல முடியாத சூடு. எங்கே கை முடிகிறது, எங்கே தண்ணீர் தொடங்குகிறது என்றே தெரியவில்லை. வீட்டில் தண்ணீர் மேலிருந்து விழுகிறது. எப்போது விழும், எங்கே விழும் என்று மிலிகாவுக்குத் தெரியாது. முகத்தில் விழும்போது கண்ணை மூடவேண்டும், மூடினால் அடுத்தது தெரியாது. இங்கே தண்ணீர் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. இவள்தான் அதனிடம் போகிறாள்.

குவளை. அந்தக் குவளையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு பெரிய தொட்டி வாங்கினால்? பாதி நிரப்பி வைத்துவிட்டு, கூப்பிடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்? ஆகலாம், ஆகாமலும் போகலாம். பார்க்கத்தான் வேண்டும்.

பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. சர்ச்சுக்குப் போடுகிற நீள அங்கியோடு அப்படியே இறங்கி, மகளுக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தாள். மிலிகா திரும்பவில்லை, நகரவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீருக்கடியில் ஒரு சின்னப் பாதம் வாசிட்டியின் கணுக்காலைத் தொட்டது. தற்செயலாக இருக்கலாம். எடுக்காமல் அங்கேயே இருந்தது.

"டீச்சரைப் பாக்க ரெண்டு பேரும் போவோம்" என்றாள் வாசிட்டி, கரையில் நின்ற கணவனிடம். "அரை நாள் லீவு சொல்றேன். மத்தியானம் அந்த வகுப்புல என்ன நடக்குதுன்னு ஒரு மூலையில உக்காந்து பாக்கணும். பாத்துட்டு அப்புறம் பேசலாம், கூட்டிட்டு வரதா, சண்டை போடறதான்னு."

"சரி."

"இனிமே 'நல்லா'ன்னு மட்டும் சொல்லாதே."

"சரி" என்றான். அவனும் சுலுவை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் காலை விட்டான்.

ராஜ்மதி சுருட்டைக் கல்லில் தட்டினாள். "உங்க குடும்பத்துல எல்லாரும் தனித்தனியாத்தான் வருவீங்களா? மொதல்ல இவர். அப்புறம் அந்தப் பெரியம்மா. இப்ப நீ."

"எந்தப் பெரியம்மா?"

"புதன்கிழமை வந்தாங்களே. நல்ல உயரம், நரைச்ச முடி. இவரும் ராணியும் இருக்கிற வரைக்கும் மாமரத்துக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தாங்க. பஸ் போனப்புறம்தான் வெளிய வந்தாங்க. சொந்தக்காரங்கன்னு சொன்னாங்க."

"எங்க அக்கா" என்றான் இலைட்டியா. "எனக்குத் தெரியாது. சத்தியமா இது தெரியாது."

"என்ன கேட்டாங்க?" என்றாள் வாசிட்டி.

"ஒரு பெரிய ஆளைக் கூட்டிட்டு வந்தா இறங்க விடுவியான்னு கேட்டாங்க. எவ்வளவு பெரிய ஆளுன்னேன். உன் வாசக்கதவு உயரம்னாங்க. யாருன்னு சொல்லலை. போகும்போது கண்ணைத் துடைச்சுக்கிட்டே போனாங்க."

*

சாயங்காலம், ஈரத் தலையோடு வாசிட்டி நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். உனாய்சி படிக்கட்டில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இலைட்டியா மிலிகாவோடு கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். வளர்ந்த அக்காவும் தம்பியும் முகத்துக்கு நேர் நின்று பேசிக்கொள்வது அவர்கள் வழக்கத்தில் இல்லை. அவனுக்கு அவளிடம் சொல்ல வேண்டியதும், அவளுக்கு அவனிடம் சொல்ல வேண்டியதும் வாசிட்டி வழியாகத்தான் போகும், வரும்.

"அண்ணி, ராஜ்மதி வீட்டுக்குப் போயிட்டு வந்தோம்."

துருவல் நின்றது.

"கதவு உயரத்துக்கு ஒரு ஆள்னு கேட்டீங்களாமே. யாரு?"

உனாய்சி மடியிலிருந்த தேங்காய்ப் பூவைத் தட்டிவிட்டாள். 

"சகியுசா" என்றாள்.

அவள் மகன். இருபத்தாறு வயது. கண்டாவுத் தீவில் அவள் இறந்துபோன கணவனின் தம்பி வீட்டில் வளர்ந்தவன். ஊர் மாறி லௌடோகாவுக்கு வந்தபோது அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். வெட்கம் ஜாஸ்தி, டவுன் பிடிக்காது என்றுதான் எல்லாருக்கும் தெரியும். வாசிட்டி அவனை போட்டோவில்கூட முழு முகமாகப் பார்த்ததில்லை. எல்லாவற்றிலும் கையால் காதை மறைத்திருப்பான்.

எல்லாவற்றிலும்.

"அண்ணி" என்றாள் வாசிட்டி. 

"அவனைப் பாத்துக்கிட்ட என் கொழுந்தன் போன மாசம் போயிட்டார். இனிமே அங்க ஆள் இல்லை. இந்த வாரக் கப்பல்ல சுவா துறைமுகத்துக்கு அனுப்பறாங்க. கப்பல்ல வந்துடுவான், கடல்னா அவனுக்குப் பயமில்லை. சுவாவுலேர்ந்து இங்க வரைக்கும் பஸ்ல எப்படிக் கூட்டிட்டு வரதுன்னுதான்." அவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். "ஒரு ஹாரன் அடிச்சா போதும். தெருவில விழுந்து தலையை முட்டிப்பான். மிலிகாவைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அவன் ஞாபகம்தான். அவ பஸ்ல பேசாம வராளாமே, தண்ணியில இறங்கறாளாமேன்னு கேள்விப்பட்டேன். நிஜமான்னு பாக்கப் போனேன்."

கேட்டுக்கு வெளியிலிருந்து இலைட்டியாவின் குரல் வந்தது. வழக்கப்படி மனைவியைப் பார்த்துத்தான் பேசினான்.

"நான் பையனா இருந்தப்ப கிறிஸ்துமஸ் லீவுல அங்க போவேன். அவனுக்கு அஞ்சாறு வயசு. ரெண்டு பேரும் நண்டு பிடிப்போம். ஒரு வார்த்தை பேச மாட்டான். வெட்கம்னு சொன்னாங்க. நானும் வெட்கம்னுதான் நினைச்சேன்."

உனாய்சி தலையை நிமிர்த்தினாள். வாசிட்டியைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீ அவனுக்குத் தாய்மாமன். ஒரு தடவையாவது, இவன் ஏன் இப்படி இருக்கான்னு எங்கிட்டக் கேட்டிருக்கலாம் இல்ல?"

தெருவில் ஒரு கரும்பு லாரி போயிற்று. 

இலைட்டியா கேட்டைத் திறந்தான். மிலிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, அக்காவின் காலடியில் இருந்த கடைசிப் படியில் உட்கார்ந்தான்.

"இப்பக் கேக்கறேன்" என்றான். "அவன் சின்ன வயசுலேர்ந்து சொல்லுக்கா."